ஒரு புத்தகத்தில் எட்டு, இன்னொன்றில் ஒன்பது

பெயர், ஊர் எதுவும் வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளோடு ஒரு தாய் எழுதிய நீண்ட கடிதம் இது. சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு ஆறரை வயதில் ஒரு மகன், நான்கு வயதில் ஒரு மகள். ‘யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற பிள்ளையாக இவன் வளரக் கூடாது’ என்று நினைத்து, போன வருடம் கதைப் புத்தகங்களை எல்லாம் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டார். விலங்குகள், விண்வெளி, மனித உடல் என்று தகவல் புத்தகங்களாக வாங்கி அடுக்கினார். தினமும் இரவில் இரண்டு பக்கம் படிப்பார்கள். முடிந்ததும் பத்துக் கேள்வி. பையன் கெட்டிக்காரன், கோள்களின் வரிசையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

சிக்கல் ஒரு பழைய புத்தகத்தில் தொடங்கியிருக்கிறது. உறவினர் ஒருவர் கொடுத்த விண்வெளிப் புத்தகத்தில் சூரியனுக்கு ஒன்பது கோள்கள் என்று இருந்தது. அவனுடைய புத்தகத்திலோ எட்டு. “எதும்மா சரி?” என்று கேட்டவனிடம், “அது பழசுடா, தப்பாப் போட்டிருக்காங்க” என்று சொல்லிவிட்டு அம்மா வேலையைப் பார்க்கப் போய்விட்டார். திரும்பி வந்தபோது புளூட்டோ படம் இருந்த பக்கம் முழுக்கக் கறுப்புக் கிரையான். மேலே ‘பொய்’ என்று எழுதியிருந்தது. அன்றிலிருந்து எதைச் சொன்னாலும் “நிஜமாவா? உனக்கு எப்படித் தெரியும்?” என்றுதான் கேட்கிறானாம். இரவில் விளக்கை அணைத்த பிறகும் நாலைந்து முறை கேட்கிறான்.

அடுத்த வாரம் பள்ளியில், ஆசிரியை கரும்பலகையில் பூச்சிகள் பட்டியலில் சிலந்தியையும் எழுதியிருக்கிறார். இவன் எழுந்து, “தப்பு மிஸ், உங்களுக்குத் தெரியல” என்று சொல்லிவிட்டான். வகுப்புக்கு வெளியே நிற்க வைத்து, டைரியில் குறிப்பும் எழுதி அனுப்பிவிட்டார்கள். பாட்டி, “புத்தகத்தைக் கொடுத்துக் கொடுத்துப் பிள்ளையை வாயாடி ஆக்கிட்ட” என்கிறார். அப்பாவோ, “இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு? விளையாடட்டும்” என்கிறார்.

கடைசியில் அந்தத் தாய் கேட்பது இவைதான்: யோசிக்கக் கற்றுக்கொடுக்கப் போய் எதிர்த்துப் பேசக் கற்றுக்கொடுத்துவிட்டேனா? இந்த வயதில் இது சீக்கிரமா? விமர்சனச் சிந்தனைக்கென்றே வரும் பயிற்சிப் புத்தகங்களுக்கு மாறிவிடலாமா? அந்தப் பழைய புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடட்டுமா?

என் பதில்:

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை உங்கள் கவலைதான் கண்ணில் பட்டது. இரண்டாம் முறை உங்கள் பையனைப் பார்த்தேன். ஆறரை வயதில் இரண்டு புத்தகங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ‘இரண்டும் ஒத்துப்போகவில்லையே’ என்று கண்டுபிடித்திருக்கிறான். இதற்காகத்தானே ஒரு வருடமாகப் பாடுபட்டீர்கள்! வந்துவிட்டது. வந்த விதம் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் மாற்றிச் சொல்லியிருக்கலாம். “தப்பாப் போட்டிருக்காங்க” என்றீர்கள் பாருங்கள், அந்த வார்த்தை. அவசரத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அது சரியான பதில் இல்லை.

பழைய புத்தகம் பொய் சொல்லவில்லை

புளூட்டோவைக் கண்டுபிடித்தது 1930இல். அதிலிருந்து 76 வருடங்கள் அது ஒன்பதாவது கோள்தான். அந்தக் காலத்தில் வந்த புத்தகத்தில் ஒன்பது என்று போட்டிருந்தால் அது சரி. பிறகு நெப்டியூனுக்கு அப்பால் புளூட்டோவைப் போலவே வேறு பல பொருள்களும் தென்பட ஆரம்பித்தன. 2005இல் ஏரிஸ் என்ற ஒன்றைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள். அது புளூட்டோவைவிடப் பெரியதாக இருக்கும் என்றுகூட அப்போது நினைத்தார்கள். அப்படியானால் அதையும் கோள் என்பதா? இப்படியே போனால் எத்தனை கோள்? 2006இல் சர்வதேச வானியல் ஒன்றியம் கூடி, எதைக் கோள் என்று சொல்லலாம் என்பதற்கு ஒரு வரையறை வகுத்தது. சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பாலேயே உருண்டையாகியிருக்க வேண்டும், தன் பாதையில் மற்ற பொருள்கள் நெரிசலாக இல்லாதபடி ஒதுக்கியிருக்க வேண்டும். மூன்றாவதில் புளூட்டோ தேறவில்லை. அது குறுங்கோள் ஆனது.

வானத்தில் எதுவும் மாறவில்லை. புளூட்டோ அதே இடத்தில் அதே மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறது. மாறியது மனிதர்கள் வைத்த விதி. இதை ஆறரை வயதுப் பையன் புரிந்துகொள்வான். விளையாட்டில் நடுவில் விதியை மாற்றினால் ஆட்டக்காரர்களில் ஒருவன் வெளியே போய்விடுவது அவனுக்கு நன்றாகவே தெரியும்.

புத்தகங்கள் முரண்படுவது இந்த ஒரு விதத்தில் மட்டும் இல்லை. சனிக் கோளுக்கு எத்தனை நிலவுகள் என்று பாருங்கள். 2019இல் 82 என்றார்கள், 2023இல் 145, 2025இல் 274. இங்கே யாரும் விதியை மாற்றவில்லை. தொலைநோக்கிகளும் தேடும் முறைகளும் மேம்பட்டதால் முன்பு தெரியாத குட்டி நிலவுகள் தெரிகின்றன. 2020இல் அச்சான புத்தகத்தில் 82 என்று இருந்தால் அதை எழுதியவர் ஏமாற்றுக்காரர் ஆகிவிட மாட்டார்.

மூன்றாவது விதம் உண்மையாகவே தவறு. இதற்கு நானே சாட்சி. நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரங்களில் உப்பும் புளிப்பும், அடியில் கசப்பு என்று ஒரு படம் பாடப்புத்தகங்களில் இருக்குமே, நினைவிருக்கிறதா? அதை என் தங்கை மகளுக்கு ஒருநாள் மிகுந்த கம்பீரத்தோடு விளக்கிக்கொண்டிருந்தேன். அப்போது அவளுக்கு ஏழு வயது. எழுந்து போய் ஒரு ஸ்பூன் சர்க்கரை எடுத்து வந்தாள். கண்ணாடி முன்னால் நின்று, நாக்கை வெளியே நீட்டி, ஒரு துளியை ஓரத்தில் வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, நாக்கை உள்ளே இழுக்காமலே, “இங்கயும் இனிக்குது” என்றாள்.

தேடிப் பார்த்தேன். 1901இல் ஹேனிக் என்ற ஜெர்மானியர், நாக்கின் வெவ்வேறு பகுதிகளுக்குச் சுவை உணர்வதில் சிறிய வித்தியாசம் இருப்பதாக எழுதியிருக்கிறார். 1942இல் போரிங் என்ற அமெரிக்க உளவியலாளர் அதை வரைபடமாகத் தந்த விதத்தில், அந்தச் சிறிய வித்தியாசம் பெரிய வித்தியாசம்போலப் படிப்பவர்களுக்குப் பட்டுவிட்டது. அந்தப் படம் பல பதிற்றாண்டுகள் பாடப்புத்தகம் விட்டுப் பாடப்புத்தகம் தாவியது. நாக்கில் சுவை மொட்டுகள் உள்ள எல்லா இடத்திலும் எல்லாச் சுவையும் தெரியும். வேடிக்கை என்னவென்றால், அந்தப் படத்தைப் பார்த்த எல்லோர் வாயிலும் ஒரு நாக்கு இருந்தது. ஒருவர் சொன்னதை அடுத்தவர் எடுத்து எழுதினார்களே தவிர, சர்க்கரையை எடுத்து வைத்துப் பார்த்தவர்கள் குறைவு. நானும் வைத்துப் பார்க்காதவர்களில் ஒருத்திதான்.

ஆக, விதி மாறியிருக்கலாம், புதிதாக எதையாவது கண்டுபிடித்திருக்கலாம், உண்மையாகவே தவறாக இருக்கலாம். ‘பொய்’ என்ற ஒரே வார்த்தையில் இந்த மூன்றையும் உங்கள் பையன் அடைத்துவைத்திருக்கிறான். பொய் என்றால் தெரிந்தே ஏமாற்றுவது. அந்த வார்த்தையைப் பிரித்துக் காட்டுவதுதான் இப்போது உங்கள் முதல் வேலை. அதற்குப் பெரிய விளக்கம் எதுவும் தேவையில்லை. அடுத்த முறை இரண்டு புத்தகங்கள் மோதும்போது, “இது எப்ப அச்சடிச்சதுன்னு பார்க்கலாமா?” என்று முதல் பக்கங்களைப் புரட்டுங்கள். பெரும்பாலான புத்தகங்களில் தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் பொடி எழுத்தில் வருடம் இருக்கும். அந்தப் பொடி எழுத்தைத் தேடிப் பிடிப்பதே இந்த வயதுக்கு ஒரு புதையல் வேட்டை.

பத்துக் கேள்வியை நிறுத்திவிடுங்கள்

கேள்வி கேட்பது நல்லதுதானே என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். ஆனால் அந்தப் பத்துக் கேள்விக்கும் விடை அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. பிள்ளை செய்வது எடுத்துக் கொடுப்பது மட்டும். அதில் நினைவாற்றல் வளரும். ஆனால் யோசனை வளரும் என்று சொல்ல முடியாது. ‘புத்தகத்தில் இருப்பதெல்லாம் சரி, அதைத் திருப்பிச் சொன்னால் அம்மா மகிழ்வாள்’ என்ற பாடத்தையும் அது தினமும் சொல்லிக்கொடுக்கிறது. அப்படிப்பட்ட புத்தகம் ஒருநாள் வழுக்கினால் பிள்ளைக்குக் கோபம் வராதா? கிரையானை எடுத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அதற்காக மனப்பாடம் செய்த தகவல்கள் வீண் என்றும் சொல்ல மாட்டேன். கோள்களின் வரிசை தலைகீழாகத் தெரிந்ததால்தான் ஒன்பதாவது ஒன்று வந்தபோது அவன் சட்டென்று நின்றான். ஒன்றுமே தெரியாத விஷயத்தில் யாராலும் சந்தேகப்பட முடியாது. தகவல் வேண்டும். பரீட்சைதான் வேண்டாம்.

பத்துக்குப் பதில் ஒன்று போதும்: “இது அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?”

ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். நீலத் திமிங்கிலத்தின் இதயம் ஒரு கார் அளவு இருக்கும் என்று பல சிறுவர் புத்தகங்களில் வரும். படித்துவிட்டு நிறுத்துங்கள். ஒன்றும் சொல்ல வேண்டாம், படத்தையே பார்த்துக்கொண்டிருங்கள். பெரும்பாலான பிள்ளைகள் முதலில் கேட்பது, “எந்த கார்?” என்றுதான். எவ்வளவு சரியான கேள்வி! சின்ன காரா, பெரிய காரா? நீளத்திலா, எடையிலா? அப்புறம் நீங்கள், “யாரு போய் அளந்திருப்பாங்க? உயிரோட நீந்துற திமிங்கிலத்தை அளக்க முடியுமா?” என்று கேட்கலாம். அவன் என்னென்னவோ சொல்வான். ஸ்கேன் எடுத்திருப்பார்கள் என்பான், வாய்க்குள்ளே போய்ப் பார்த்திருப்பார்கள் என்பான். திருத்தாதீர்கள். கடைசியில் வேண்டுமானால் நடந்ததைச் சொல்லுங்கள். 2014இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையில் இறந்த நீலத் திமிங்கிலம் ஒன்று ஒதுங்கியது. ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவர்கள் ரப்பர் உடை மாட்டிக்கொண்டு அதன் உடலுக்குள் இறங்கி இதயத்தை எடுத்தார்கள். எடை சுமார் 180 கிலோ. நாலைந்து பேர் சேர்ந்து தள்ள வேண்டிய அளவு பெரியதுதான், ஆனால் காரின் எடைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. “அப்ப புத்தகத்துல ஏன் காருன்னு போட்டாங்க?” என்று அவன் கேட்டால், அன்றைய படிப்பு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வியோடு தூங்கட்டும்.

உங்களுக்கு விடை தெரியாத கேள்விகளும் வரும். “தெரியல, நாளைக்குத் தேடிப் பார்க்கலாம்” என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். சொன்னபடி மறுநாள் தேடவும் வேண்டும். அம்மாவுக்கே தெரியாதது உண்டு, தேடினால் கிடைக்கும் என்பதை அவன் நேரில் பார்க்கட்டும்.

இந்த வயதில் சீக்கிரமா?

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. விளையாட்டு வேண்டும், நிறைய வேண்டும். ஆனால் யார் சொல்வதை நம்பலாம் என்ற கணக்கை நாம் கற்றுக்கொடுக்கும் முன்பே பிள்ளைகள் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். கேனிக், ஹாரிஸ் ஆகிய உளவியலாளர்கள் 2004, 2005 வாக்கில் வெளியிட்ட ஆய்வுகளில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு பேரைக் காட்டினார்கள். பிள்ளைகளுக்குத் தெரிந்த பொருள்களுக்கு ஒருவர் சரியான பெயர் சொல்வார், மற்றவர் தப்பும் தவறுமாகச் சொல்வார். பிறகு பிள்ளைகள் பார்த்தே இராத ஒரு பொருளுக்கு இருவரும் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். யார் சொன்ன பெயரைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள்? முன்பு சரியாகச் சொன்னவருடையதை. நான்கு வயதில் இது நன்றாகவே தெரிந்தது. உங்கள் மகளும் வீட்டில் உட்கார்ந்து இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருப்பாள்.

“ஏன்?” என்று நச்சரிப்பது கவனத்தை ஈர்க்க என்று பலர் நினைக்கிறார்கள். பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய பிள்ளைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2009இல் வந்தது. காரணம் சொன்னால் பிள்ளை ஒத்துக்கொள்கிறது, அல்லது அதிலிருந்து அடுத்த கேள்விக்குப் போகிறது. காரணம் சொல்லாமல் மழுப்பினால் அதே கேள்வியைத் திரும்பக் கேட்கிறது, அல்லது தானே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்கிறது. இதைத்தான் உங்கள் வீட்டிலும் பார்க்கிறேன். ‘பழசு, தப்பு’ என்பது காரணம் இல்லை. அதனால் ‘பொய்’ என்று ஒரு காரணத்தை அவனே வைத்துக்கொண்டான்.

பரணில் இருக்கும் கதைகளை இறக்குங்கள்

இதில் உங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கதை படித்தால் பிள்ளை கற்பனையில் மிதக்கும், தகவல் படித்தால் அறிவாளியாகும் என்பது ஒரு தப்பான கணக்கு. அவன் சொன்னது பொய்யா, அவளுக்கு ஏன் கோபம் வந்தது, இந்த ஆள் நல்லவனா என்று பிள்ளை யோசிப்பது கதையில்தான். ஒருவர் ஏன் ஒன்றைச் சொல்கிறார் என்று யோசிக்கப் பழகாதவனுக்குத் தகவலைச் சொல்பவரையும் எடைபோட வராது.

தகவல் புத்தகங்களைப் பிடித்துக்கொண்டதில் தவறே இல்லை. அவை பிள்ளைகளுக்குக் கிடைப்பது மிகக் குறைவு. அமெரிக்காவில் இருபது ஒன்றாம் வகுப்பறைகளைக் கவனித்து நெல் டியூக் என்ற ஆய்வாளர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், தகவல் எழுத்தோடு பிள்ளைகள் செலவிட்ட நேரம் ஒரு நாளைக்குச் சராசரியாக 3.6 நிமிடம். சிறு பிள்ளைகளுக்குக் கதைதான் புரியும் என்ற நினைப்பு இதற்கு ஒரு காரணம். அந்த நினைப்பும் தவறு. ஆக இரண்டும் இருக்கட்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: சட்டை போட்ட முயல் தன் வாழ்க்கையைத் தானே சொல்லும் பாணியில் வரும் தகவல் புத்தகங்கள். கதையாக அவை இனிமையானவை. ஆனால் விலங்குகளை மனிதர்போலப் பேசவைத்துச் சொன்னால், சின்னப் பிள்ளைகள் நிஜ விலங்குகளுக்கும் மனித குணங்களை ஏற்றிவிடுகிறார்கள் என்று 2014இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. உங்கள் மகளுக்கு வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

எட்டுக்கால் பூச்சி பூச்சியா?

பள்ளி விஷயத்துக்கு வருவோம். பையன் சொன்ன தகவல் சரி. விலங்கியலில் பூச்சிக்கு ஆறு கால், மூன்று பகுதியான உடல். சிலந்திக்கு எட்டுக் கால், உடலில் இரண்டே பகுதி. ஆனால் சிலந்திக்கு நம் பேச்சு வழக்கில் என்ன பெயர்? எட்டுக்கால் பூச்சி! ஊர்ந்து திரியும் சின்ன உயிர் எல்லாமே நம் வாயில் பூச்சிதான். ஆசிரியை அந்தப் பொருளில்கூட எழுதியிருக்கலாம். ஒரே வார்த்தை வீட்டில் ஒரு பொருளிலும் விலங்கியலில் இன்னொரு பொருளிலும் வரும் என்பது ‘மிஸ் தப்பு’ என்பதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு. இதை வைத்து அவனோடு விளையாடலாம். நட்சத்திர மீன் மீனா? வால் நட்சத்திரம் நட்சத்திரமா? பட்டுப்புழு புழுவா, இல்லை அந்துப்பூச்சியின் குட்டியா? இன்னும் எத்தனை கிடைக்கிறது என்று அவனே தேடட்டும்.

எதிர்த்துப் பேசக் கற்றுக்கொடுத்துவிட்டேனா என்று கேட்டீர்கள். இல்லை. சந்தேகத்தைக் கொடுத்துவிட்டீர்கள், அதைச் சொல்லும் விதத்தை இன்னும் கொடுக்கவில்லை. “உங்களுக்குத் தெரியல” என்பது ஆளைப் பற்றியது. “நான் படிச்ச புத்தகத்துல வேற மாதிரி இருந்துச்சு மிஸ், எது சரி?” என்பது விஷயத்தைப் பற்றியது. வீட்டில் நீங்கள் ஆசிரியை, அவன் மாணவன் என்று நாலு முறை நடித்துப் பாருங்கள். வேண்டுமென்றே தப்புத் தப்பாகப் பாடம் நடத்துங்கள். அவன் விழுந்து விழுந்து சிரிப்பான், சொல்லும் விதமும் பழகிவிடும்.

ஆசிரியையையும் பாருங்கள், தனியாக, வகுப்பு நேரத்துக்கு வெளியே. முதலில் பையன் பேசிய தொனிக்கு வருத்தம் சொல்லுங்கள். பிறகு, சந்தேகம் வந்தால் எப்போது, எப்படிக் கேட்கலாம் என்று அவனுக்கு நீங்களே சொல்லுங்கள் என்று அவரிடம் கேளுங்கள். நாற்பது பிள்ளைகள் முன்னால் ஒருவன் திருத்தினால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். அதே சமயம், கேள்வி கேட்டதற்காக ஒரு பிள்ளையை வெளியே நிற்க வைப்பது சரியில்லை. தொனிக்குக் கண்டிக்கலாம், கேள்விக்குத் தண்டிக்கக் கூடாது. இந்த வேறுபாட்டை அமைதியாக, ஒரே ஒரு முறை சொல்லுங்கள். இது தொடர்ந்தால் மட்டும் தலைமையாசிரியரிடம் போங்கள். எக்காரணம் கொண்டும் பையன் காதுபட, “உன் மிஸ்ஸுக்கு ஒண்ணும் தெரியாது” என்று சொல்லிவிடாதீர்கள். மறுநாள் அது வகுப்பில் ஒலிபரப்பாகும்.

பாட்டியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பேரன் அவரிடம், “நீங்க சின்ன வயசுல படிச்சப்ப எத்தனை கோள் பாட்டி?” என்று கேட்கட்டும். மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இரவில் திரும்பத் திரும்பக் கேட்பது

கடிதத்தில் நான் கொஞ்சம் நின்று படித்த இடம் இது. எல்லாவற்றையும் சந்தேகப்படுவது யோசனை ஆகாது. ‘எல்லாம் உண்மை’ என்பதில் எவ்வளவு சோம்பல் இருக்கிறதோ, அவ்வளவு ‘எல்லாம் பொய்’ என்பதிலும் இருக்கிறது. அவனுக்கு இப்போது தேவை நடுவில் உள்ள படிகள். கைகளை வைத்து ஒரு விளையாட்டு சொல்கிறேன். ரொம்ப நிச்சயம் என்றால் இரண்டு கைகளையும் முழுக்க விரிக்க வேண்டும். கொஞ்சம்தான் நிச்சயம் என்றால் ஒரு சாண். பூமி உருண்டையா? கை முழுக்க விரியும். படத்தில் உள்ள டைனோசர் பச்சை நிறமா? ஒரு சாண்கூட வராது, ஏனென்றால் பெரும்பாலான டைனோசர்களுக்கு நிறம் கொடுத்தது ஓவியரின் ஊகம். ஆனால் சைனோசாராப்டெரிக்ஸ் என்ற டைனோசருக்குக் கையை இன்னும் விரிக்கலாம். அதன் புதைபடிவத்தில் நிறமித் துகள்களின் தடயத்தைப் பார்த்து, வாலில் செம்பழுப்புப் பட்டைகள் இருந்திருக்கும் என்று 2010இல் எழுதினார்கள். சான்று கிடைத்தால் கை விரியும், இல்லாவிட்டால் சுருங்கும். நான்கு வயதுத் தங்கையும் இதில் சேர்ந்துகொள்ளலாம்.

இந்த விளையாட்டுக்கு வெளியே வைக்க வேண்டியவை சில உண்டு. நெருப்பு, மின்சாரம், சாலை, மருந்து. இங்கே முதலில் சொன்னதைச் செய், அப்புறம் ஏன் என்று கேள். கட்டாயம் காரணம் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுங்கள், காப்பாற்றுங்கள்.

விளக்கணைத்த பிறகு வரும் கேள்விகளைக் கவனித்துப் பாருங்கள். ஆர்வத்தில் கேட்பவன் பதில் கிடைத்ததும் அடுத்ததற்குத் தாவுவான். அதே கேள்வியை அதே வார்த்தைகளில் திரும்பத் திரும்பக் கேட்டு, எத்தனை முறை சொன்னாலும் முகத்தில் கலக்கம் தீராமல் இருந்தால் அது பதற்றம். முதல் முறை முழுக் காரணம் சொல்லுங்கள். இரண்டாம் முறை, “இதுக்குப் பதில் பேசியாச்சு, மீதி காலைல” என்று அணைத்துக்கொண்டு படுத்துவிடுங்கள். சில வாரங்கள் கழித்தும் தணியாவிட்டால், தூக்கம் கெட்டால், பள்ளிக்குப் போக வயிற்றுவலி என்று சொல்ல ஆரம்பித்தால், குழந்தை மனநல நிபுணர் ஒருவரை நேரில் பாருங்கள். கடிதத்தைப் படித்து மட்டும் நான் இதை முடிவு செய்ய முடியாது.

மீதிக் கேள்விகள்

பயிற்சிப் புத்தகம் வேண்டாம். ‘பொருந்தாததை வட்டமிடு’ என்பதில் விடை ஏற்கெனவே தீர்மானமாகி இருக்கிறது. அவன் கண்டுபிடித்த எட்டுக்கும் ஒன்பதுக்கும் அது ஈடாகாது.

புதிதாக வாங்குவதானால் ஒரே விஷயத்தைப் பற்றி இரண்டு புத்தகங்களாக வாங்குங்கள், அல்லது நூலகத்தில் எடுங்கள். மோதல் தானாக வரும். புரட்டிப் பார்க்கும்போது, ‘எப்படிக் கண்டுபிடித்தார்கள்’ என்று எங்காவது சொல்கிறதா, ‘இன்னும் தெரியவில்லை’ என்று ஒத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். எல்லாம் தெரிந்த மாதிரி பேசும் புத்தகத்தை நான் கொஞ்சம் தள்ளித்தான் வைப்பேன். படங்களையும் கேள்வி கேட்கலாம். பல உலக வரைபடங்களில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் 14 மடங்கு பெரியது. பக்கத்தில் ஓர் உலக உருண்டை இருந்தால் அவனே கண்டுபிடித்துவிடுவான். சூரியக் குடும்பப் படத்தில் கோள்கள் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருக்கும். பூமியை 2 மில்லிமீட்டர் கடுகாக வைத்தால், சூரியன் 22 சென்டிமீட்டர் பந்து. கடுகை அந்தப் பந்திலிருந்து 23 மீட்டருக்கும் அப்பால் வைக்க வேண்டும். ஒருநாள் மாலையில் வெளியே போய் அடி வைத்து அளந்து பாருங்கள். அப்பாவையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், அவர் கேட்ட விளையாட்டு இதுதான்.

அந்தப் பழைய புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். அதுதான் இப்போது உங்கள் வீட்டிலேயே பயனுள்ள புத்தகம். அவனோடு உட்கார்ந்து முதல் பக்கங்களில் அச்சான வருடத்தைத் தேடுங்கள். கிரையான் பூசிய பக்கத்தின் ஓரத்தில் மிச்சமிருக்கும் வெள்ளை இடத்தில், பென்சிலால் அவன் கையெழுத்திலேயே எழுதட்டும்: ‘இந்த வருடம் வரை ஒன்பது. 2006இலிருந்து எட்டு.’ ‘பொய்’ என்ற வார்த்தையை அழிக்கலாமா வேண்டாமா என்று அவனிடமே கேளுங்கள்.